கட்டைவிரல் அமுங்கிய இடம்

நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்துவிட்டது சார். ஒட்டுக்கேட்கவில்லை. இந்த பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒன்றரைப் பேர்தான் உட்கார முடியும். காதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது? பழைய கேரவன் ஒன்றை வாங்கி, ஏற்காட்டில் நிறுத்தி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னீர்கள். சினிமாக்காரர்கள் வைத்திருந்த வண்டி, சல்லிசாக வருகிறது என்றீர்கள். அந்தச் சல்லிசு என்கிற வார்த்தையில்தான் எனக்கு வாய் அரித்தது.

தாராளமாக வாங்குங்கள். ஏமாறுகிறவர்கள் இருந்தால்தானே ஏமாற்றுகிறவன் வீட்டில் அடுப்பு எரியும்.

நான் யார் என்று பார்க்கிறீர்கள். சேலம் பைபாஸில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிப்ட். படித்தது எட்டாவது. மற்றதெல்லாம் வண்டிகள் சொல்லிக்கொடுத்தது. லாரி, டிப்பர், ஆம்னி, டேங்கர், எது உள்ளே திரும்பினாலும் டீசல் மூடியைத் திறப்பதற்குள் அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன். கார் வாங்குகிற வக்கீல்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறேன்.

மடியில் இருப்பது சீர்த்தட்டு. தங்கச்சி மகளுக்கு இன்றைக்குப் பத்தரைக்கு மேல் காதுகுத்து. மேலே ஏற்காட்டில், ஒண்டிக்கடையில் இறங்கி நாலு எட்டு நடந்தால் கோவில். மூன்று வயசுப் பிள்ளை. தன்ஷிகா என்று பேர் வைத்திருக்கிறார்கள். யாரோ தும்மினது மாதிரி இல்லை? வைத்தது அதன் அப்பா. மாப்பிள்ளை மாதேசன் வேறு என்ன வைப்பார்? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். ஆனால் மடி எனக்கு இன்னும் உறுதியாகவில்லை. அதுதான் விஷயம்.

தங்கச்சி தமயந்தி இரண்டு வருஷமாக என்னோடு பேச்சில்லை. போன வாரம் அவளே போன் பண்ணினாள். சவுக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "ண்ணா, ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்தறோம். மடி உன்னோடதுதான். ஆனா உக்காரறதுக்கு முன்னாடி, நான் அன்னைக்குக் கேட்டதுக்கு அவர வெச்சுக்கிட்டு நெசத்தச் சொல்லிடு. நீயும் கை வெச்சுப் பாத்தியா, இல்லையா? அது ஒண்ணுதான். சொல்லலன்னா எங்க மாமனார் மடியில வெச்சுக் குத்திக்கறோம்." வைத்துவிட்டாள். மாமனார் மடியாம். நடக்கிற காரியமா? ஊர் என்ன பேசும்?

எங்கே கை வைத்தேன், எதில் வைத்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள் வாங்கப்போகிறீர்களே, அதே மாதிரி ஒரு வண்டியில்தான்.

இப்போது திரும்புகிறது மூன்றாவது வளைவு. இன்னும் பதினேழு இருக்கிறது. நேரம் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு ஏற்காட்டில், காப்பித் தோட்டத்தை ஒட்டி எட்டு சென்ட் இடம். அப்பன் விட்டுப்போனது, இவர் சம்பாதித்ததில்லை. சேலத்தில் வாடகை வீட்டைக் காலிபண்ணச் சொன்னதும் இவருக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனைகள் அவருக்கு உதித்துக்கொண்டேதான் இருக்கும், சொறி மாதிரி. கேரவன் ஒன்றை வாங்கி அந்த இடத்தில் நிறுத்துவது. பக்கத்தில் சமையலோடு தங்கள் குடித்தனத்துக்கு ஒரு கொட்டகை போடுவது. அது முடிகிறவரைக்கும் இவர்களே வண்டியில் குடியிருப்பது. அப்புறம் சனி ஞாயிறுக்கு வருகிறவர்களுக்கு விடுவது. சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே சும்மா கிடக்காமல், மேலே வந்து நடுங்குவதற்குக் காசு கொடுக்கிற கூட்டம் இருக்கிறதே, அவர்களுக்கு. நான் அப்போதே சொன்னேன், வேண்டாம் என்று. சொன்னேனா? மனசுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்வதற்குள் தமயந்தி, "நீ வந்து பாத்துச் சொன்னாத்தான்ணா வாங்குவோம், அட்வான்ஸும் உங் கையால குடு" என்றுவிட்டாள். என் கை ராசியான கை. எங்கள் வகையறாவில் வண்டி, மாடு, மனை எதுவானாலும் வெற்றிலை பாக்கோடு முன்பணம் என் கையால்தான் போகும்.

மெட்ராஸ் போனோம். வளசரவாக்கம் பக்கம் ஒரு யார்டு. நல்ல கத்திரி வெயில். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள் சார்: இந்த மாதிரி வண்டியைக் கத்திரியில் விற்கிறவன் விவரமானவன், கத்திரியில் வாங்குகிறவன் முட்டாள். இரண்டு மாசம் வெயிலில் காய்ந்தால் செத்த பாம்புகூட பெல்ட் மாதிரிதான் இருக்கும். மழையில் போய்ப் பார்க்க வேண்டும். ஜன்னலையெல்லாம் சாத்தி, உள்ளே அரைமணி நேரம் சும்மா உட்கார வேண்டும். ஈரம் தானாக வந்து மூக்கில் உட்காரும். நாங்கள் போனபோது எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கட்டு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிட்டிருக்கிறான், பக்தியான ஆள் என்று மாப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விற்றவன் பேர் கிருபாகரன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தான். ஒன்றிலாவது மை இருந்ததா, தெரியாது. இந்த சோபாவில்தான் இன்ன கதாநாயகி மத்தியானம் தூங்குவார், இந்தக் கண்ணாடி முன்னால்தான் இன்ன கதாநாயகன் விக் வைப்பார் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கண்ணாடியைச் சுற்றிப் பதினாலு பல்பு. மாப்பிள்ளை அதற்கு முன்னால் உட்கார்ந்து தலை சீவினார். சீவுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, தங்கச்சிக்காக.

நான் அப்படியெல்லாம் இல்லை. வேலையைப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்தேன். சேஸிஸ், பட்டை, சைலன்சர், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். டீசலை விரலில் தொட்டு மோந்தேன். என்ஜின் சத்தம் கேட்டேன், தவில் மாதிரி சுத்தமான சத்தம். இரண்டு மணி நேரம். கிருபாகரனே, "சார் எந்தக் கம்பெனி என்ஜினியர்?" என்று கேட்டுவிட்டான். அவன் அப்படி நினைத்தால் அது அவன் பாடு.

மேலே ஏறிப் பார்த்தாயா என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவதா? அது மாப்பிள்ளை செய்யவேண்டிய வேலை. வண்டி அவருக்குத்தானே? ஏசி வைப்பதற்காகக் கூரையில் ஓட்டை போட்டிருப்பார்கள், அதைச் சுற்றிப் பூசின பசை நாளானால் வெடிக்கும், வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கி, சுவருக்குள்ளேயே ஓடித் தரையோரத்தில் தேங்கும், வெளியே ஒரு சொட்டு தெரியாது. இதெல்லாம் ஒரு சாதாரணத் தச்சனுக்குத் தெரிந்த விஷயம். அப்புறம் ஒருத்தன் வந்து எனக்கு வகுப்பு எடுத்தான். வண்டிக்குக் கீழே பார்க்கிறவனைக் கூப்பிட்டுவிட்டு ஏன் மேலே பார்க்கவில்லை என்று கேட்டால்?

சரி, சுவர் விஷயத்துக்கு வருகிறேன்.

தமயந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது அதற்கு ஒரு வயசு. நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். கிருபாகரன் இருக்கிறான், அவன் ஆட்கள் இரண்டு பேர், டீ கொண்டுவந்தவன் ஒருத்தன், மாப்பிள்ளை. இத்தனை பேருக்கு நடுவில் இவள் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டுவிட்டு, "அண்ணா, இது அமுங்குதே" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிருபாகரன்கூட என் வாயைத்தான் பார்த்தான். நான், "அது குஷன்டி. நடிகருங்க தூங்கறப்ப வெளிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு உள்ள பஞ்சு வெச்சிருப்பாங்க" என்றேன்.

சிரிக்காதீர்கள். பஞ்சு வைத்த வண்டி உண்டு சார். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் பூப்போட்ட காகிதம் புதுசாக ஒட்டியிருந்தது, மற்ற மூன்று பக்கமும் பழசு. ஒருவன் ஒரு சுவருக்கு மட்டும் புதுச்சட்டை போட்டால் ஏன் என்று கேட்க வேண்டாமா? மாப்பிள்ளை கேட்டிருக்க வேண்டும். குடியிருக்கப்போகிறவர் அவர். அவர், "மச்சான் சொல்லிட்டாருல்ல" என்று சிரித்துக்கொண்டு நின்றார். தட்டை நீட்டினார்கள். என் கையால் கொடுத்தேன்.

ஆவணியில் மேலே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. ஏற்காட்டு மழை தெரியும்தானே, மேலேயிருந்து மட்டும் வராது, மேகமே கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்காரும். முதலில் ஒரு வாடை. எலி செத்திருக்கும் என்று மாப்பிள்ளை ஒரு வாரம் எலி தேடினார். அப்புறம் பூப்போட்ட காகிதம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அலமாரிக்குள் துணியெல்லாம் கறுப்புப் புள்ளி. கட்டிலுக்கடியில் சாம்பல் நிறத்தில் பூசணம், முடி மாதிரி. பிள்ளைக்கு இருமல் வந்தது. இருமல் இழுப்பானது. ஒரே மாசத்தில் மூன்று தரம் இந்த வளைவுகளில் கீழே இறக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாவது தரம் உதடு நீலமாகிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் டாக்டர், வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் என்று இருந்தால் எதையாவது கேட்கத்தானே செய்வார்கள். எங்கள் காலத்தில் இழுப்பு வராத பிள்ளையா?

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர்கள் கூட்டிவந்திருந்த தச்சன் காகிதத்தைக் கிழித்துப் பலகையை இழுத்தான். இழுக்கவே வேண்டியதில்லை. வெந்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி கையோடு வந்தது. பின்னால் சட்டம், ஆணி, எல்லாம் துரு. எப்படியும் நாலைந்து வருஷத்து ஈரம் என்றான் தச்சன். தமயந்தி பிள்ளையின் முகத்தில் மருந்தைப் புகையாக விடுகிற மாஸ்க்கை வைத்துப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கத்தினால்கூடப் பரவாயில்லை. "நான் வெளிய போனப்பறம் நீயும் கை வெச்சுப் பாத்தியாண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நீ எறங்கி வரப்ப கட்டைவிரல வேட்டியில தொடச்சுக்கிட்டே வந்த" என்றாள். கிரீஸ் என்றேன். அதிலிருந்து பேச்சில்லை.

பாருங்கள், ஒரு மனுஷன் வேட்டியில் விரலைத் துடைத்ததை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம். நான் அடியில் படுத்துப் பார்த்த இரண்டு மணி நேரம் யாருக்கும் ஞாபகமில்லை. அந்த என்ஜின் இன்றைக்கும் சாவி போட்டால் ஒரே அடியில் எடுக்கும். வண்டிதான் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. இவர்கள் தோட்டத்துக் கூலிக்காரர்களுக்குக் கட்டின லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். காதுகுத்தைக்கூட இரண்டு தரம் தள்ளிப்போட்டாயிற்று, இழுப்பினால். இப்போது பரவாயில்லையாம்.

இந்த வளைவில் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த டிரைவருக்கு வாழைத்தார் வண்டி கொடுத்திருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு உபகாரமாகச் சொல்கிறேன். வண்டி பார்க்கப் போனால் கட்டைவிரலால் அமுக்குங்கள். ஜன்னலுக்குக் கீழே, கட்டில் ஓரத்தில், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில். நல்ல பலகை திருப்பி அமுக்கும். கெட்ட பலகை கொடுத்துவிடும். விரல் உள்ளே போகும்போது முதலில் காகிதம் சுருங்கும், அப்புறம் உள்ளே மெத்தென்று, புளித்த மாவுக்குள் போவது மாதிரி, அப்புறம் நகத்தடியில் சில்லென்று ஒரு ஈரம் ஏறும். கத்திரியிலும் ஏறும். வெளியே கொளுத்துகிறது, விரல் நுனி மட்டும் சில்லிட்டுப் போகும். எடுத்துப் பார்த்தால் மஞ்சளாக ஒரு சொட்டு.

ஆமாம். பார்த்தேன்.

அவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள், வெற்றிலைத் தட்டு எடுக்க. நான் மட்டும் உள்ளே இருந்தேன். வைத்துப் பார்த்தேன். ஆனால் சார், நான் ஏற்கெனவே குஷன் என்று சொல்லியாகிவிட்டது. அந்தக் கிருபாகரன், டீக்காரன், எல்லாருக்கும் முன்னால். இறங்கிப் போய், இல்லைப்பா, நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் ஈரம்தானே, காய்ந்துவிடும் என்று நினைத்தேன். வெயில் அப்படி அடித்தது.

உங்களிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நீங்கள் யாரோ. அங்கே போய் என்ன சொல்வது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். மடி வேண்டும். பொய்யும் விட்டுப்போக மாட்டேன் என்கிறது. மாப்பிள்ளைக்கு முன்னால் வேறு சொல்ல வேண்டுமாம். அந்த ஆளுக்கு முன்னால்.

இருங்கள், போன் வருகிறது. அவர்தான். நூறு ஆயுசு, என்ன செய்வது.

சொல்லுங்க மாப்ள. பத்தொம்பதாவது வளைவு தாண்டிட்டோம். ம். அவ இல்லையா பக்கத்துல? பூ வாங்கவா? சரி, சொல்லுங்க. ம். இல்ல, கேக்குது, விட்டு விட்டுக் கேக்குது. ம்.

எங்க? கட்டிலுக்குப் பின்னாடியா?

எப்ப?

ம். ம். மாப்ள, நான் சொல்றதக் கேளுங்க. கேளுங்கன்னு சொல்றேன்ல. நீங்க எதுவும் வாயத் தொறக்க வேண்டாம். நான் வர்ற வரைக்கும் சும்மா நில்லுங்க. வைங்க.

ஒன்றுமில்லை சார். தண்ணீர் பாட்டில் இருக்கிறதா? ஒரு மடக்கு கொடுங்கள்.

அவரும் பார்த்திருக்கிறார்.

நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோதே. கட்டிலுக்குப் பின்னால், நான் வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. அவர் விரலும் போயிருக்கிறது. சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அதற்குள் தமயந்தி கேட்டுவிட்டாள், நான் குஷன் என்றுவிட்டேன். "அத்தன பேருக்கு முன்னாடி பொண்டாட்டியோட அண்ணன் சொன்னத எப்படித் தப்புன்னு சொல்றது மச்சான், உங்களுக்கு அசிங்கமாப் போயிடும்ல" என்கிறார். எனக்கு அசிங்கமாகப் போகுமாம். அதற்காக இரண்டு வருஷம் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பிள்ளைக்கு மாஸ்க் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். நான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன் என்று அவள் சொன்னாளாம். அதனால் தானும் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறாராம். பாரம் இறங்கிவிடுமாம்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. சரியான ஆளைத்தான் இத்தனை நாள் திட்டியிருக்கிறோம் என்று. பாதியை அவர் தலையில் இறக்கிவிடலாம். முக்கால்கூட இறக்கலாம். முதலில் பார்த்தவர் அவர்தானே.

அப்புறம் அவளை நினைத்தேன். அண்ணன் பொய் சொன்னால் காதுகுத்துக்கு ஒரு நாள், கல்யாணத்துக்கு ஒரு நாள் பார்த்தால் போதும். பார்க்காமலேகூட இருந்துவிடலாம், இரண்டு வருஷம் இருந்தாளே. புருஷன் பொய் சொல்லியிருந்தால் அவள் எந்த பஸ் ஏறிப் போவாள்? பிள்ளை இருமுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் முகத்தைத்தானே திரும்பிப் பார்ப்பாள்.

பாரம் இறங்க வேண்டுமாம். இறக்கி அவள் இடுப்பில் வைக்கவா? ஏற்கெனவே ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

அதோ, குடைக்குக் கீழே, பச்சைப் புடவை. அவள்தான். பிள்ளைக்குத் தலைக்குக் குல்லாய் போட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாரே, அவர்தான் எங்கள் மாப்பிள்ளை. குடையை எல்லாருக்கும் பிடித்துவிட்டுத் தான் மட்டும் நனைகிறார். குடை பிடிக்கக்கூடத் தெரியவில்லை.

வருகிறேன் சார். அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். நான் இறங்கினதும் அவள் கேட்பாள். நான் ஒருத்தன்தான் கை வைத்தேன், ஈரம் ஏறினது, தெரிந்தே சொன்னேன் என்று சொல்லிவிடுவேன். மடி கிடைக்கிறதோ மாமனாருக்குப் போகிறதோ, அது அவள் இஷ்டம். அப்போது இந்த ஆள் வாயைத் திறக்கப் பார்ப்பார். திறந்தால், நீங்க சும்மா இருங்க மாப்ள, சுவரப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு அதட்டு அதட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானே பேசுகிறேன். அவள் நம்பிவிடுவாள்.